கழுவப்படாத சுருள்கள்

பிலிமுக்குத் திரும்புகிறவர்கள் பற்றிச் சில வருஷங்களாக நிறையப் பேச்சு நடக்கிறது. பேசுகிறவர்களில் அநேகர் திரும்பியவர்களே. ஆகவே பேச்சு புகைப்படத்தைப் பற்றியதாக இல்லாமல் திரும்பியதைப் பற்றியதாகவே இருக்கிறது. பத்துப் பதினைந்து வருஷம் டிஜிட்டல் காமிராவிலும் அப்புறம் போனிலும் எடுத்துக்கொண்டிருந்துவிட்டு, பீரோவில் கிடந்த அப்பாவின் யாஷிகாவையோ பழைய சாமான் கடையில் அகப்பட்ட பென்டாக்ஸையோ கையில் எடுத்து, ஒரு சுருள் போட்டு முடித்து, வந்த படங்களைப் பார்த்துப் பரவசப்படுகிறார்கள். பரவசத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்குச் சொல்லப்படும் காரணங்களில்தான் ஆட்சேபணை. காரணம் சொத்தையாக இருந்தால் காரியமும் சீக்கிரமே சப்பென்று ஆகிவிடும். 2000த்துக்குப் பிறகு பிலிமைப் போட்டுவிட்டு ஓடியவர்கள் சொன்ன காரணங்களும் இதே தரத்தில்தான் இருந்தன.

முதல் காரணம் தோற்றம். கிரெய்ன் என்கிற அந்தக் குருணைத்தன்மை, வெயில் விழுந்த இடங்கள் ஒரேயடியாக வெளுத்துப்போகாமல் மெல்ல அடங்குவது, நிறத்தில் ஓர் இதம். இவை இருப்பது உண்மைதான். ஆனால் தோற்றம் என்பது போலி செய்யக்கூடிய ஒன்று. ஃபியூஜி கம்பெனியின் டிஜிட்டல் காமிராக்களில், அதே கம்பெனி விற்றுப் பெயர் வாங்கிய பிலிம்களின் பெயரிலேயே, வெல்வியா, ப்ரோவியா, ஆக்ராஸ் என்று ஏற்பாடுகள் இருக்கின்றன. தேர்ந்தெடுத்தால் அந்தந்த பிலிமின் சாயல் வந்துவிடும். இரண்டையும் அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று பந்தயம் கட்டச் சாமான்யமாக யாரும் முன்வரமாட்டார்கள். தோற்றம்தான் வேண்டும் என்றால் திரும்ப வேண்டியதில்லை. இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

இரண்டாவது, பிலிம் 'நிஜம்' என்பது. வெளிச்சம் வெள்ளி உப்பின்மேல் நேராக விழுகிறது, நடுவே எண்களின் குறுக்கீடு இல்லை, ஆகவே நிஜம். உலகத்தின் சகல நிறங்களையும் கறுப்பு வெள்ளையாக்கி, நாலு ஓரங்களால் வெட்டி, நொடியில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கை மாத்திரம் நிறுத்திவைக்கும் ஒன்றை நிஜம் என்று அழைக்கிறவர்களோடு வாதம் செய்வதில் பிரயோஜனமில்லை.

மூன்றாவது நிதானம். மற்ற இரண்டையும்விட இது மரியாதைக்குரிய காரணம். சுருளில் 36 படம்தான், ஆகவே யோசித்து எடுக்கிறோம் என்கிறார்கள். இந்த நிதானத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் அடியில் தெரிவது விலைவாசி. சுருளின் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் கூலி எல்லாம் சேர்த்தால் எனக்கு இன்று ஒரு படம் நாற்பது ஐம்பது ரூபாய்க்கு வந்து நிற்கிறது. இந்த விலையில் எவனும் நிதானமாகத்தான் எடுப்பான். ஹோட்டலில் சாப்பாட்டு விலை ஏறியதும் ஊருக்கே வயிற்றுக்கட்டுப்பாடு வந்துவிட்டது என்று சொன்னால் எப்படி இருக்கும்? சிக்கனம் குடும்பஸ்தனுக்கு வேண்டிய குணம். அதைக் கலைக்கொள்கையாகப் பதவி உயர்த்த வேண்டாம்.

தவிரவும், பிலிம் தானாகவே நிதானம் தரும் என்ற வாதத்தை ஒரே ஆளைக் காட்டி உடைத்துவிடலாம். காரி வினோக்ராண்ட். 1928ல் நியூயார்க்கில் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர். 1967ல் நியூயார்க் நவீன கலை மியூசியத்தில் ஜான் சார்கோவ்ஸ்கி ஏற்பாடு செய்த 'புதிய ஆவணங்கள்' கண்காட்சியில் இடம்பெற்ற மூவரில் ஒருவர். மற்ற இருவர் டயான் ஆர்பஸ், லீ ஃப்ரீட்லாண்டர். அகலக் கோணத்தில் பார்க்கும் 28 மி.மீ. லென்ஸைப் பொருத்திய லைக்காவோடு தெருவில் இறங்கினால் அவர் நிற்பதில்லை, குறிபார்ப்பதில்லை, நிறுத்துவதுமில்லை. சுருள் முடிந்தால் நடந்துகொண்டே அடுத்த சுருளைப் போடுவார். பிலிமில் எடுத்தவர்களில் இவரைப்போல் கணக்குவழக்கில்லாமல் எடுத்தவர்கள் மிகச் சிலர். அப்படியிருந்தும், இந்த நூற்றாண்டில் பிலிமுக்குத் திரும்புகிறவன் யாரிடமாவது போய்ப் பாடம் கேட்க வேண்டும் என்றால் இவரிடம்தான் கேட்க வேண்டும் என்பது என் அபிப்ராயம். அவர் எடுத்த விதத்துக்காகக்கூட இல்லை. எடுத்த பிறகு அவர் செய்ததற்காக, முக்கியமாகச் செய்யாமல் இருந்ததற்காக.

எடுத்த சுருளை அவர் உடனே கழுவமாட்டார். ஒரு வருஷம், சில சமயம் அதற்கும் மேல், அப்படியே போட்டுவைப்பார். மாணவர்களுக்கு அவர் சொன்ன காரணம் எளிமையானது. எடுத்த அன்று மனசு நன்றாக இருந்திருந்தால் அன்றைக்கு எடுத்தவை எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றிவிடும். அந்த நினைப்பு தேய்ந்து, எடுத்ததே மறந்துபோன பிறகு பார்த்தால்தான் எதிரே இருக்கும் படத்தை மட்டும் பார்க்க முடியும்.

இது சோம்பேறியின் சமாதானம் இல்லை. புகைப்படக்காரனுக்கு உள்ள விசேஷமான கஷ்டம் ஒன்று இதில் பேசப்படுகிறது. ஒரு படம் எடுக்கப்பட்டபோது அங்கே இருந்த சத்தம், வாடை, காற்று, எதிரில் வந்த முகம் தன்னுள் எழுப்பிய சஞ்சலம், அந்த இடத்தில் போய் நிற்க அவன் பட்ட பாடு, இவை எவையும் படத்தில் இல்லை. எடுத்தவனிடம் மட்டும் இருக்கின்றன. அவன் படத்தைப் பார்க்கும்போது இவற்றையும் சேர்த்தே பார்க்கிறான், அவை படத்துக்குள் இருப்பதாகவே நம்புகிறான். நமக்கு ஒன்றும் தெரியாத படத்தைக் காட்டி, 'இது எப்படிப்பட்ட சாயங்காலம் தெரியுமா' என்று கேட்கும் நண்பர்களை எல்லோரும் அறிவோம். கவிதை எழுதுகிறவர்களிலும் இவர்கள் உண்டு. வரிகளில் இல்லாத துக்கத்தை வரிகளில் வாசிப்பார்கள், நாம் வாசிக்கவில்லை என்றால் கோபித்துக்கொள்வார்கள். எழுதினதை மேஜை டிராயரில் போட்டு ஆறு மாசம் பூட்டிவை என்று பெரியவர்கள் சொல்வது இதற்காகத்தான். இந்தப் பத்திரிகை எப்போதும் தாமதமாக வருவதற்கு இந்தத் தத்துவத்தை ஆசிரியர் பயன்படுத்திக்கொள்ளலாம்.

டிராயரை எழுத்தாளன் எந்த நேரமும் திறந்துகொள்ளலாம். பிலிமில் அது முடியாது. ஏனென்றால் பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. வெள்ளி ஹாலைடு மணி ஒன்றின்மேல் வெளிச்சம் பட்டதும் அதில் நடக்கிற மாறுதல் எந்தக் கண்ணுக்கும் தென்படாத அளவு சிறியது. நாலைந்து வெள்ளி அணுக்கள் ஓரிடத்தில் கூடி நின்றால் போதும், அந்த மணி கழுவும்போது கறுக்கத் தகுதி பெற்றுவிடுகிறது. இது எப்படி நடக்கிறது என்பதற்கு 1938ல் கர்னி, மாட் என்ற இரண்டு பௌதிக விஞ்ஞானிகள் விளக்கம் கொடுத்தார்கள். அந்த நாலைந்து அணுவை டெவலப்பர் திரவம் ஏறத்தாழ நூறு கோடி மடங்கு பெருக்கிக் கண்ணுக்குத் தெரிகிற கறுப்பாக்குகிறது. அதுவரைக்கும் பிம்பம் இருக்கிறது, ஆனால் தெரியாது. லேட்டன்ட் இமேஜ் என்கிறார்கள். தமிழில் உள்ளுறை பிம்பம் என்று சொல்லத் தோன்றுகிறது. அகப்பாட்டோடு பழகியவர்களுக்கு உள்ளுறை என்ற சொல் புதிதில்லை. ஆனால் அங்கே உள்ளே உறைவதைக் கேட்கிறவன் தன் மனசாலேயே எட்டிவிடுகிறான். இங்கே ரசாயனம் குறுக்கிட்டால்தான் உண்டு.

ஒரு குடும்பத்துக்கு வருஷத்தில் ஒரு சுருள் என்று இருந்த காலத்தில், இந்த இடைவெளி எல்லோர் வீட்டிலும் இருந்தது. யாரும் அதைக் கலைக்காக வைத்திருக்கவில்லை. எங்கள் வீட்டு யாஷிகாவில் ஒரு சுருள் பொங்கலுக்குப் போட்டது, தாத்தாவின் சதாபிஷேகத்தில் பாதியும் தங்கையின் பள்ளி ஆண்டுவிழாவில் மிச்சமும் போய், இன்னும் மூன்று படம் பாக்கி என்று காமிராவுக்குள்ளேயே கிடந்தது. அது கழுவி வருவதற்குள் தாத்தா போய்விட்டார். கவரைப் பிரித்தபோது சதாபிஷேகத்தில் எடுத்த அவர் கையில் இருந்தார். எடுத்த அப்பாவும் பார்த்த அப்பாவும் ஒரே ஆள் என்று சொல்வது கஷ்டம். கலை என்று நான் இதைச் சொல்லவில்லை. கலைக்கு வேண்டிய ஒரு சௌகரியம் அப்போது தெருவுக்குத் தெரு இலவசமாகக் கிடைத்தது என்று சொல்கிறேன்.

காத்திருப்புதான் விஷயம் என்றால் அதை டிஜிட்டலிலும் செய்யலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016ல் லைக்கா கம்பெனி, பின்பக்கத்தில் திரையே இல்லாத டிஜிட்டல் காமிரா ஒன்றை எம்-டி என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடுத்ததைப் பார்க்க வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஆனால் அதில் காத்திருப்பது என்பது விரதம் மாதிரி. சோறு பக்கத்திலேயே இருக்கிறது, நான் சாப்பிடவில்லை. மெமரி கார்டை எடுத்துச் சொருகினால் எந்த நிமிஷமும் விரதம் முடிந்துபோகும். பிலிமில் நான் ஒன்றையும் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை. பிம்பமே இன்னும் பிம்பமாகவில்லை. இன்னொரு வித்தியாசமும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிலிமின் காத்திருப்பு தானாக முடிவதில்லை. அதை ஒருவன் முடித்துவைக்க வேண்டியிருக்கிறது.

முடித்துவைப்பது சின்ன வேலையும் இல்லை. நான் வீட்டிலேயே கழுவுகிறேன். இல்ஃபோர்ட் எச்.பி.5 பிலிமை டி-76 டெவலப்பரில் 20 டிகிரி வெப்பத்தில் ஏழரை நிமிஷம் வைக்க வேண்டும் என்பது அட்டவணை. ஏழரை என்று நான் சொன்னால் வீட்டில் சனீஸ்வரனை நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊர்க் குழாயில் மே மாசம் வருகிற தண்ணீர் முப்பதைத் தாண்டும். ஐஸ் கட்டி போட்ட பேசினில் ஜாடியை வைத்து, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு டிகிரி ஏறினால் நிமிஷக் கணக்கைக் குறைக்க வேண்டும். தவறினால் திருத்தம் கிடையாது, அந்த 36ம் போயிற்று. இதைச் செய்ய ஒரு முடிவு வேண்டும்: இனி நான் பார்க்கத் தயார், பார்த்துவிட்டுத் தள்ளவும் தயார் என்ற முடிவு.

வினோக்ராண்டின் பிற்காலத்தில் இந்த முடிவுதான் எடுக்கப்படாமல் போயிற்று. 1978ல் அவர் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபோனார். அங்கே முன்னைவிட அதிகமாக எடுத்தார். காரின் முன்சீட்டில் உட்கார்ந்து ஓடுகிற காரிலிருந்தே எடுத்தார். லைக்காவுக்கு மோட்டார் பொருத்திக்கொண்டார். 1984 மார்ச்சில், புற்றுநோய் என்று தெரிந்த சில வாரங்களில், 56வது வயதில் இறந்துபோனார். எடுத்துக் கழுவாத சுருள்கள் 2,500க்கு மேல் இருந்தன. கழுவியும் காண்டாக்ட் ஷீட் போடாதவை 6,500. காண்டாக்ட் ஷீட் போட்டும், சிலது தவிர அவர் தேர்வு செய்ததற்கு அடையாளமில்லாதவை மேலும் ஒரு மூவாயிரம்.

குமாஸ்தா புத்தியால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு வகை மட்டும் 9,000 சுருள். சுருளுக்கு 36 என்றால் 3,24,000 படம். ஒரு படத்தைப் பார்க்கப் பத்து வினாடி என்று வைத்துக்கொண்டால் 900 மணி நேரம். தினம் எட்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை லீவுகூட இல்லாமல் உட்கார்ந்தால் 112 நாள் முடிந்து அரை நாள். ஒரு வாழ்க்கையின் கடைசிப் பகுதியைப் பார்த்து முடிக்க நாலு மாசம் போதும். அந்த நாலு மாசத்தை அவர் தனக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே காலமில்லாமல் போயிற்று என்று சொல்ல முடியாது. எடுப்பது பார்ப்பதைத் தின்றுவிட்டது. நல்ல தீர்ப்புக்காக ஏற்பட்ட தாமதம், தீர்ப்பே இல்லாத தாமதமாக ஆகிவிட்டது.

இறந்த பின் சுருள்கள் கழுவப்பட்டன. 1988ல் சார்கோவ்ஸ்கி பெரிய கண்காட்சி ஒன்றும் புத்தகமும் கொண்டுவந்தார். வினோக்ராண்டைத் தூக்கிப்பிடித்தவர்களில் முதல்வர் அவர். தம் தலைமுறையின் நடுநாயகமானவர் என்று வினோக்ராண்டை மதித்தவர். அப்படிப்பட்டவர் கடைசிக் காலப் படங்களைப் பார்த்துவிட்டு மனம் சோர்ந்துதான் எழுதினார். கவனம் கலைந்துபோனதன் அடையாளங்களை அவற்றில் அவர் கண்டார். இருபத்தைந்து வருஷத்துக்குப் பின், 2013ல், சான் ஃபிரான்சிஸ்கோ நவீன கலை மியூசியத்தில் லியோ ரூபின்ஃபீன் இன்னொரு கண்காட்சி அமைத்தார். அவரும் வினோக்ராண்டை நேரில் அறிந்தவர், தாமும் புகைப்படக்காரர். வினோக்ராண்ட் ஒருபோதும் அச்சில் பார்த்திராத படங்கள் பலவற்றை அதில் புதிதாக அச்சிட்டு மாட்டினார். சார்கோவ்ஸ்கி அவசரப்பட்டுவிட்டார், கடைசிக் காலத்திலும் நல்ல படங்கள் உண்டு என்பது அதன் உட்கிடை.

உண்டுதான். நானும் பார்க்கக் கிடைத்த அளவில் பார்த்தேன். சில பிரமாதமானவை. ஆனால் மூன்று லட்சத்தில் சில நூறு பிரமாதமாக இருப்பதில் ஆச்சரியம் என்ன? கேள்வி அதுவல்ல. அந்தப் படங்கள் யாருடையவை?

காஃப்காவைக் காட்டி இதற்குப் பதில் சொல்லிவிடுகிறார்கள். 1924ல் இறந்த காஃப்கா தன் கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடச் சொன்னான், மாக்ஸ் பிராட் எரிக்காமல் அச்சேற்றினார், நாம் பிராட்டுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். சரி. ஆனால் காஃப்கா தான் எழுதினதைப் படித்தவன். ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதும்போதே படித்து, அடித்து, அடுத்த வாக்கியத்துக்குப் போனவன். எழுத்தில் ஒருவன் பார்க்காமல் எழுதிவிட முடியாது. புகைப்படத்தில் முடியும். மூன்று லட்சம் தடவை முடியும். காமிரா மூடித் திறக்கும் அந்த இருநூற்றைம்பதில் ஒரு நொடியில், மற்ற காமிராக்களிலாவது கண்ணாடி எழும்பி எடுக்கிறவன் கண்ணை மறைக்கும். லைக்காவில் அதுகூட இல்லை. எதிரில் நடந்ததை அவர் பார்த்தார் என்றே வைத்துக்கொள்வோம். நடந்ததைப் பார்ப்பது வேறு, நடந்தது படமாகி நிற்பதைப் பார்ப்பது வேறு. இவை இரண்டும் ஒன்றல்ல என்று வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தி வந்தவர் வினோக்ராண்டேதான். அவருடைய கொள்கைப்படியே பார்த்தால், அவர் பார்க்காத நெகடிவ்கள் அவருடைய படங்கள் ஆகா. அவர் இருந்த இடத்தில் வெளிச்சம் செய்த காரியங்கள் அவை. ரூபின்ஃபீன் தேர்ந்தெடுத்ததும் அவை ரூபின்ஃபீனின் படங்களாகின்றன. அவருக்கு நல்ல கண் இருப்பதால் படங்களும் நன்றாக இருக்கின்றன.

இது கறாரான கட்சி என்று தெரியும். 1964ல் நியூயார்க் உலகக் கண்காட்சி மைதானத்தில் அவர் எடுத்த பெஞ்சுப் படத்தை வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன். நீளமான பெஞ்சு, அதில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள், ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து ஏதோ ரகசியம், கைகள் கால்கள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னி ஒரு சங்கீதம் மாதிரி ஓடுகின்றன, கடைசியில் எதிலும் சம்பந்தமில்லாமல் ஒருவர் பேப்பர் படிக்கிறார். அந்தச் சில விநாடிகளில் இதே பெஞ்சு வேறு பல விதமாகவும் இருந்திருக்கும். இந்த ஒன்றில்தான் எல்லாம் கூடிவந்திருக்கிறது என்பதை எடுத்தபோது அறிந்திருக்க வாய்ப்பில்லை. பின்னால் ஒரு நாள் கண்டுகொண்டிருக்க வேண்டும். அந்தக் கண்டுகொள்ளல்தான் இதை வினோக்ராண்டின் படமாக்குகிறது. கடைசி ஆறு வருஷத்தில் இல்லாமல்போனது இது.

விவியன் மேயர் விஷயத்தில் இந்தக் கறாரை நான் சற்றுத் தளர்த்துவேன். சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். வாடகை கட்டாததால் அவருடைய சாமான்கள் 2007ல் ஏலத்துக்கு வந்து, ஜான் மலூஃப் முதலிய சிலர் கைக்குப் போயின. 2009ல் மேயர் இறந்த பிறகுதான் உலகம் அவரை அறிந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நெகடிவ்களோடு கழுவாத சுருள்கள் பல நூறும் அதில் இருந்தன. கையில் பணமில்லாதவர் கழுவாமல் வைத்ததையும் மியூசியங்கள் கொண்டாடிய ஒருவர் கழுவாமல் வைத்ததையும் ஒரே தட்டில் நிறுத்தக் கூடாது. ஆனாலும் இன்று மேயர் என்று நாம் வியக்கிறவர், பாதி மேயர், பாதி அவரை வாங்கியவர்கள். தம் கையாலும் கடையில் கொடுத்தும் அவர் சிலவற்றை அச்சிட்டிருக்கிறார். உலகம் சுற்றிய கண்காட்சிகளில் அவற்றுக்கு இரண்டாம் இடம்தான்.

வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. பணம் வந்துவிட்டது, யாருக்கு என்று தெரியவில்லை, அல்லது எந்தத் தலைப்பில் எழுதுவது என்று புரியவில்லை என்றால் தாற்காலிகமாக அதில் போட்டுவைப்பார்கள். நல்ல ஏற்பாடு. அவசரத்தில் தப்பான கணக்கில் எழுதிவிடாமல் காப்பாற்றும். ஆனால் பதிந்தவன் மாற்றலாகிப் போய்விட்டால் அது அங்கேயே கிடக்கும். ஆடிட்டர் வருஷாவருஷம் கேட்பார். கடைசியில் அதை ஏதோ ஒரு தலைப்பில் எழுதித் தீர்ப்பவன், அந்தப் பணத்தைக் கண்ணால் பார்த்திராத ஒருவனாக இருப்பான்.

கடைசிவரை கிடக்கவும் பிலிம் விடாது. உள்ளுறை பிம்பம் சூட்டிலும் ஈரத்திலும் கொஞ்சங்கொஞ்சமாகத் தேய்கிறது. அதற்கு முன்பே ரசாயனமும் கைவிடக்கூடும். 1935ல் வந்த கோடக்ரோம் பிலிமைக் கோடக் கம்பெனி 2009ல் நிறுத்தியது. அதைக் கழுவுவது மிகச் சிக்கலான வேலை. உலகத்திலேயே கடைசியாக அதைச் செய்துகொண்டிருந்தது அமெரிக்காவில் கன்ஸாஸ் மாகாணத்து பார்ஸன்ஸ் என்ற சிற்றூரின் ஒரு லேப். 2010 டிசம்பர் 30வரை வந்த சுருள்களை ஏற்றுக்கொண்டு அவர்களும் முடித்துக்கொண்டார்கள். அதற்குப் பின் எங்காவது டிராயரில் கண்டெடுக்கப்படும் கோடக்ரோம் சுருளில் நிறங்கள் இருந்தும் இல்லை. கறுப்பு வெள்ளையாக வேண்டுமானால் எடுக்கலாம்.

நம் பக்கத்திலும் ஒரு கதை இருக்கிறது. ஊட்டியில் 1960ல் தொடங்கப்பட்டு, 1967ல் உற்பத்தி ஆரம்பித்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், இந்து என்ற பெயரில் பிலிமும் பிரோமைட் பேப்பரும் எக்ஸ்ரே பிலிமும் செய்தது. இந்து என்றால் நிலா, வெள்ளி உப்பு விற்கிறவர்களுக்குப் பொருத்தமான பெயர். 1990களில் நலிந்த ஸ்தாபனம் என்று அறிவிக்கப்பட்டு, மெல்ல மெல்ல மூடப்பட்டுவிட்டது. 2008ல் போலராய்ட் கம்பெனி உடனடிப் படத்துக்கான பிலிமை நிறுத்தியபோது, நெதர்லாந்தில் என்ஷெடே ஊரிலிருந்த தொழிற்சாலையின் இயந்திரங்களைச் சிலர் வாங்கிக்கொண்டு, பழைய தொழிலாளர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, கிடைக்காமல்போன ரசாயனங்களுக்கு மாற்றுத் தேடி, 2010ல் மறுபடி பிலிம் கொண்டுவந்தார்கள். 2024ல் பென்டாக்ஸ் 17 என்ற புது பிலிம் காமிராவைக் கொண்டுவந்த ஜப்பானியர்களும் தங்கள் ஓய்வுபெற்ற எஞ்சினியர்களிடம் போய்த்தான் சுருள் நகர்த்தும் விசையைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஊட்டியில் அப்படி யாரும் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. இன்று நான் போடுகிற சுருள் இங்கிலாந்திலிருந்து வருகிறது.

மறுபடி திரும்பியவர்களிடம் வருகிறேன். வினோக்ராண்டின் வியாதி நமக்கு வராது என்று அவர்கள் நினைக்கலாம், சுருள்கள் தேங்குவதில்லை அல்லவா. நகரத்து லேபுக்கு அனுப்புகிறார்கள். ஒரு வாரத்தில் 36 ஸ்கேனும் போனுக்கு வந்து சேர்கின்றன. அன்று இரவே அவற்றில் இருபது இன்ஸ்டாகிராமில் ஏறிவிடுகின்றன, எந்தக் காமிரா, எந்தப் பிலிம் என்ற விலாசத்தோடு. நெகடிவ்? பலர் திரும்பி வாங்குவதேயில்லை. பல ஊர் லேப்களில் அவை டப்பா டப்பாவாகத் தேங்குகின்றன. பிலிமுக்குத் திரும்பியவன் பிலிமை லேபிலேயே விட்டுவிடுகிறான். காத்திருந்தது ஒரு வாரம், பார்த்தது ஒரு நிமிஷம், தள்ளினது பூஜ்யம். வினோக்ராண்ட் பார்க்காமலே விட்டார். இவர்கள் பார்த்தும் தேர்வதில்லை. வியாதி ஒன்றுதான்.

காண்டாக்ட் ஷீட் என்ற ஒரு தாள் இந்த வியாதிக்காகவே ஏற்பட்டது மாதிரி இருக்கிறது. நெகடிவ் துண்டுகளை அப்படியே பேப்பர்மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெளிச்சம் காட்டினால், 36 படமும் தபால்தலை அளவில் எடுத்த வரிசையிலேயே ஒரே தாளில் வந்துவிடும். தப்பியவையும் தவறியவையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒளிக்க முடியாது. ஒரு படத்தை எடுத்தவன் அதற்கு முன்னாலும் பின்னாலும் எங்கே தடுமாறினான் என்பது தெரிந்துவிடும். 2022ல் ஹாஸல்ப்ளாட் பரிசு பெற்ற தயாநிதா சிங் தன் பழைய காண்டாக்ட் ஷீட்டுகளுக்குப் பல வருஷம் கழித்துத் திரும்பத் திரும்பப் போய்ப் படங்களை எடுத்து, மரச்சட்டங்களில் மாற்றி மாற்றி அடுக்கிப் புத்தகங்களாகவும் நடமாடும் மியூசியங்களாகவும் ஆக்கிக்கொண்டிருக்கிறார். எடுப்பது தனக்கு மூலப்பொருள் மாத்திரமே என்ற நிலைக்கு வந்திருக்கிறார். நம் தேசத்தில் பிலிமின் இடைவெளியைப் பிரக்ஞையோடு உபயோகித்துக்கொண்டவர் என்று எனக்குத் தெரிந்து முதலில் சொல்ல வேண்டியவர் இவர். கிரெய்ன் பற்றி அவர் படங்களின் முன்னால் நின்று யாரும் பேசுவதில்லை.

வினோக்ராண்டின் காகிதங்களும் நெகடிவ்களும் அரிஸோனாவில் டூசான் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முற்கால காண்டாக்ட் ஷீட்டுகளில் அவர் பென்சிலால் போட்ட குறிகள் உண்டு: ஒரு கட்டம், சில சமயம் அதன்மேல் மனம் மாறிப் போட்ட இன்னொன்று. லாஸ் ஏஞ்சலஸ் வருஷங்களின் தாள்களில் அநேகமாகக் குறி எதுவும் கிடையாது.